பாஸ்டரேட் கமிட்டிக்கு குவாயர்ல இருந்து ஒரு மடல்: ஊரைக் குறைங்க, நாளைக் கூட்டுங்க

கிறிஸ்துவுக்குள் அன்பான பாஸ்டர் ஐயாவுக்கும் நம்ம சபையை நடத்தற பாஸ்டரேட் கமிட்டி அங்கிள், ஆன்ட்டி எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நம்ம பாடகர் குழு, அதான் குவாயர், ஊர் ஊரா சபைங்கள்ல போய்ப் பாடற மே மாச டூருக்கு பிளான் போட ஆரம்பிச்சுட்டீங்கன்னு போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது கேள்விப்பட்டேன். போன வருஷத்தைவிட அதிக சபைக்குப் போகணுமாம், தென் மாவட்டத்தோட நிக்காம திரும்பி வர்ற வழியில மதுரை, திருச்சி, தஞ்சாவூர்னு அங்கங்க ஒரு ப்ரோக்ராம் வைக்கணுமாம், எல்லாத்தையும் வீடியோ எடுக்கணுமாம். குவாயர் பசங்க கமிட்டி மீட்டிங்ல உக்கார்ற வழக்கம் நம்ம சபையில இல்ல, அதனால எல்லாரும் படிக்கற மாதிரி திறந்த மடலாவே எழுதறேன். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். போற ஊரைப் பாதியாக் குறைங்க, ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு ராத்திரியாவது தங்க விடுங்க. ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், பொறுமையா படிங்க.

நான் பழைய வண்ணாரப்பேட்டை பொண்ணு, குவாயர்ல ஆல்டோ, அதாவது பொம்பளைக் குரல்ல கீழ் ஸ்தாயி பாடறவ. தாம்பரத்துல கிறிஸ்டியன் காலேஜ்ல படிக்கறேன். 1937ல தாம்பரத்துக்குப் போறதுக்கு முன்னாடி அந்தக் காலேஜ் ஜார்ஜ் டவுன்லதான் இருந்துச்சு, இன்னும் அங்கயே இருந்திருந்தா எனக்கு பஸ்ல கொஞ்ச நேரம்தான். இப்போ பீச் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி தாம்பரம் வரைக்கும் போகணும், அந்த நேரம் பூரா ஹெட்போன்ல என் பார்ட்டைத்தான் கேட்டுட்டுப் போவேன். செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச கையோட மத்த ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இன்டர்ன்ஷிப், ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்பும்போது நாங்க வேன்ல ஸ்பீக்கர் ஏத்திட்டு இருப்போம். இந்த டூருக்காக வருஷம் பூரா காத்திருக்கறவ நான். அதனாலதான் இவ்வளவு எழுதறேன்.

எங்க குவாயர்ல யார் யார் இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப்ல வேலை பாக்கறவரோட பையன், ஹார்பருக்கு கன்டெய்னர் லாரி ஓட்டறவரோட பொண்ணு, காசிமேட்டுல ஏலத்துல மீன் எடுத்து விக்கற அம்மாவோட பிள்ளை, எண்ணூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி ப்ராக்டீஸுக்கு வர்ற அக்கா. இவங்கள்ல நிறைய பேருக்கு செங்கல்பட்டைத் தாண்டின முதல் அனுபவமே இந்த டூர்தான். அந்த ஒரு காரணத்துக்கே இதை ஆரம்பிச்ச பெரியவங்களுக்கு நன்றி சொல்லணும், மனசாரச் சொல்றேன்.

ஆனா போன வருஷம் எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. காலைல ஒரு ஊரு, மதியம் ஒரு ஊரு, ராத்திரி ஒரு ஊரு. வேன்ல இருந்து இறங்குவோம், ஸ்பீக்கரை இறக்குவோம், கீபோர்டு ஸ்டாண்டை மாட்டுவோம், கசங்கிப் போன யூனிஃபார்ம் சேலையை வெஸ்ட்ரி ரூம்ல நின்னுக்கிட்டே சரி பண்ணுவோம். ஏழெட்டு பாட்டு, நடுவுல ஒருத்தர் தன் அனுபவத்தைச் சொல்ற சாட்சி, ஜெபம், காணிக்கை, டீ, பிஸ்கட், குரூப் போட்டோ, மறுபடி வேன். கத்திரி வெயில்ல ஜன்னலைத் திறந்தா புழுதி, மூடினா வேக்காடு. பாதி டூருக்குள்ளயே டெனர், அதாவது ஆம்பளைக் குரல்ல மேல் ஸ்தாயி, பாடற பசங்களுக்குத் தொண்டை கட்டிடுச்சு, மேல் ஸ்வரம் வர்ற இடத்துல வாயை மட்டும் அசைச்சாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, தூங்காத உடம்புல இருந்து குரல் எங்க இருந்து வரும்?

திருநெல்வேலி பக்கம் இடையன்குடில மிஷனரி கால்டுவெல் ஐயர் கட்டுன கோயிலுக்குப் போனோம். அவர் 1838ல மெட்ராஸ்ல வந்து இறங்கி, இங்க தங்கி தமிழ் படிச்சு, அப்புறம் இங்க இருந்து தெற்க நடந்தே போய் 1841ல இடையன்குடி போய்ச் சேந்தவர். வாழ்க்கையில பெரும்பகுதி அந்த ஊருக்கே குடுத்துட்டு, 1880ல திறந்த அந்தக் கோயில்லயே அடக்கமும் ஆகியிருக்கார். நம்ம ஊர்ல இருந்து நடந்தே போனவரோட கோயில்ல நாங்க பாடிட்டு, அவர் கல்லறைக்கிட்ட ஒரு போட்டோ எடுத்துட்டு, லேட் ஆகுதுன்னு ஓடி வந்து வேன்ல ஏறினோம். எனக்கு அன்னிக்கு ராத்திரி பூரா மனசு கேக்கல.

அடுத்து மெஞ்ஞானபுரம் பக்கம் தேரிக்காட்டு ஓரமா ஒரு சின்ன சபை. செம்மண்ணு, பனை மரம், ஓட்டுக் கூரை போட்ட கோயில். நாங்க பாடி முடிச்சதும் ஒரு ஆச்சி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நல்லா பாடுனிய பிள்ளையளா. நாங்க எப்பம் பாட?"ன்னு கேட்டாங்க. கோவமெல்லாம் இல்ல, நிஜமாவே அவங்க பாடற முறை எப்போ வரும்னு தெரிஞ்சுக்கக் கேட்டாங்க. ப்ரோக்ராம் ஷீட்ல அப்படி ஒரு இடமே கிடையாதே, நான் என்ன சொல்றது? அந்த ஆச்சிங்க எல்லாம் சின்ன வயசுல இருந்து புத்தகமே இல்லாம கீர்த்தனை பாடறவங்க, எத்தனை சரணம் இருந்தாலும் ஒண்ணு விடாம பாடுவாங்க. அவங்களை ஒரு மணி நேரம் வாயை மூடி உக்கார வச்சுட்டு வந்தோம்.

நான் இவ்வளவு உறுதியா பேசறதுக்குக் காரணம் அதுக்கப்புறம் வந்த ஒரு ஊரு. மறுநாள் அங்க அசனம். நம்ம பக்கம் லவ் ஃபீஸ்ட்னு சொல்றோம்ல, சபையா சேந்து சாப்பிடற விருந்து, அது, ஆனா அங்க ஊரே சேந்து பண்றது, வீட்டுக்கு வீடு அரிசி, தேங்கா, முடிஞ்சவங்க ஆடு, சென்னைலயும் பம்பாய்லயும் இருக்கற பிள்ளைங்க எல்லாம் லீவுக்கு வந்திருப்பாங்க. அசனத்துக்கு முந்தின நாள் வந்துட்டு சாப்பிடாம போறதா, அதெல்லாம் நடக்காதுன்னு அந்த ஊர் சபையைப் பாத்துக்கற உபதேசியார் நேரா நம்ம பாஸ்டர் ஐயாவுக்கு போன் போட்டுட்டாரு. ஐயாவும் சரின்னுட்டாரு. அடுத்த ரெண்டு ப்ரோக்ராம் கேன்சல். அதுக்கு கமிட்டில யாரோ வருத்தப்பட்டீங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். எங்களுக்கு அந்த டூர்ல கிடைச்ச எல்லாமே அந்த ஊர்லதான் கிடைச்சுதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை போல, அதான் நான் சொல்றேன்.

அன்னிக்கு ராத்திரி கோயில் பின்பக்கம் ட்யூப்லைட்டைக் கட்டி, ஓலைப்பாய் விரிச்சு, சின்ன வெங்காயத்தை மலை மாதிரி கொட்டினாங்க. பொம்பளைங்க எல்லாம் சுத்தி உக்காந்து உரிச்சு ஓலைப்பெட்டியில போட ஆரம்பிச்சாங்க, நாங்களும் உக்காந்தோம். கண்ணுல தண்ணி கொட்டுது, கையெல்லாம் எரியுது. அப்போ ஒரு அம்மா தானா ஒரு கீர்த்தனையை எடுத்தாங்க, அவ்வளவுதான், பாய் பூரா எடுத்துக்கிச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச பாட்டுதான், ஆனா எங்களால கூட பாட முடியல.

இதைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். கீர்த்தனை புத்தகத்துல ஒவ்வொரு பாட்டுக்கு மேலயும் ராகம், தாளம் அச்சடிச்சிருக்கும், நம்மள்ல யாரும் அந்த வரியைப் பாக்கறதே இல்ல. அந்தப் பாட்டு சாபு தாளம், ஏழு எண்ணிக்கை, தகிட தகதிமி. இப்போ இருக்கற கீபோர்டு ஸ்டைல் எல்லாம் பெரும்பாலும் நாலு நாலா போறது. அதுக்குள்ள ஏழு உக்காராதுன்னு வார்த்தையை இழுத்து எட்டாக்கித்தான் இப்போ நிறைய சபையில பாடறாங்க, எங்களுக்கும் அப்படித்தான் பழக்கம். அவங்க ஒண்ணுல ஒரு தட்டு, நாலுல ஒரு தட்டுன்னு தட்டிக்கிட்டு எந்த இடத்துலயும் நிக்காம ஆத்துல போற மாதிரி போறாங்க, நாங்க ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி நின்னுக்கிட்டு இருக்கோம். அதை முதல்ல பிடிச்சது யாரு தெரியுமா, நம்ம கேஜான்ங்கற பெட்டி டிரம் வாசிக்கற வியாசர்பாடி பையன். கானா பாட்டு நடுவுல வளந்தவன், பெஞ்சு, தகரம், தண்ணி டிரம்முன்னு கையில கிடைச்சதுல எல்லாம் தாளம் போட்டே பழகுனவன். ஒரு காலி அன்னக்கூடையைக் கவுத்துப் போட்டு கொஞ்ச நேரம் சும்மா கேட்டான், அப்புறம் கரெக்டா ஏழுல விழுந்தான் பாருங்க, அந்த அம்மாங்க சிரிச்ச சிரிப்பு! நம்ம சபையில அவனை "சத்தம் ஜாஸ்தி"ன்னு எத்தனை தடவை பின்னாடி உக்கார வச்சிருப்போம்.

எங்க கீபோர்டு அண்ணா எப்பவும் வைக்கற சுருதியும் அவங்களுக்கு எட்டல. வயசானவங்க, மைக் இல்லாம பாடறவங்க, அவங்க இடம் கீழ இருக்கு. ரெண்டு கட்டை இறக்கினதும் அம்பது குரல் திறந்துச்சு. மேடையில நின்னு பாடற வரைக்கும் இது எங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல.

மறுநாள் காலைல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தாத்தா வந்தாரு, ரொம்ப வருஷம் அந்த ஊர் குவாயரை நடத்துனவரு. கக்கத்துல பைண்டு பண்ண ஒரு நீள நோட்டு. திறந்தா பக்கம் பூரா நீல மசியில டோ, ரே, மி, ஃபாங்கற ஸ்வரத்துக்கு டி, ஆர், எம், எஃப்னு எழுத்து, எழுத்துக்கு எழுத்து நடுவுல ரெண்டு புள்ளி, அங்கங்க நேர்க்கோடு, நீட்டற இடத்துல சின்ன கோடு, மேல் ஸ்தாயிக்கு எழுத்து தலையில ஒரு கீத்து, கீழ் ஸ்தாயிக்கு காலடியில ஒரு கீத்து. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்னு நாலு குரலுக்கும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, அதுக்கடியில சிவப்பு மசியில தமிழ் வார்த்தை. ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு, எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு. டானிக் சோல்ஃபா. 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் கர்வென் பரப்புன முறை, மிஷனரிங்க கையால நம்ம பக்கம் வந்து, கோடு போட்டு எழுதற ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாத கிராமத்துச் சபையில எல்லாம் நாலு பார்ட் பாட வச்சது இதுதான். நான் என் ஆல்டோவை மொபைல்ல கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்றவ, பக்கத்துல சோப்ரானோ சத்தமா பாடினா என் லைன் போயிடும். தாத்தா கையாலயே காட்டினாரு, டோவுக்கு மூடுன முஷ்டி, சோவுக்கு உள்ளங்கை அவர் பக்கம் திரும்பின மாதிரி, கை மேல போனா குரல் மேல. அரை நாள்தான். ஒரு புதுப் பாட்டோட ஆல்டோவை யார் பாடியும் கேக்காம, அந்த நோட்டைப் பாத்தே பாடினேன். "இந்தா பிடிச்சுட்டாளே"ன்னாரு. அந்த நோட்டை இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுக்க அந்த ஊர்ல இப்போ இளசுங்க அதிகம் இல்ல, எல்லாரும் வெளியூர் போயிட்டாங்க. நாங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா அந்த நோட்டு மொத்தத்தையும் போட்டோ எடுத்து, அவர் பாடறதையும் ரெக்கார்டு பண்ணியிருக்கலாம். வீடியோவுக்குக் காசு ஒதுக்கறீங்கன்னா தயவுசெஞ்சு அதை இதுக்குக் குடுங்க.

அசனத்துல நம்ம எண்ணூர் அக்கா சாட்சி சொன்னாங்க. வழக்கமா எழுதி வச்சு சொல்ற சாட்சி இல்ல, சாப்பிட்டு உக்காந்திருக்கும்போது உங்க ஊர் எப்படிம்மான்னு யாரோ கேக்க, 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகம் பூரா பரவுன கதையைச் சொன்னாங்க. படகு, வலை எல்லாம் கறுப்பாப் போனது, கையால அள்ளி அள்ளி டிரம்ல ஊத்துனது, வாரக்கணக்குல தொழில் இல்லாம இருந்தது. பக்கத்து கடலோர ஊர்ல இருந்து அசனத்துக்கு வந்திருந்த மீன்பிடிக்கற குடும்பங்க அதைக் கேட்டு ஒவ்வொண்ணா விசாரிச்சாங்க, இப்போ மீன் படுதா, வலைக்கு யார் காசு குடுத்தாங்கன்னு. அப்புறம் எழுந்து நின்னு எண்ணூருக்காக ஜெபம் பண்ணாங்க. நாங்க ஊழியம் செய்யப் போனோம்னு நோட்டீஸ்ல போடறோம், அன்னிக்கு எங்களுக்குத்தான் ஊழியம் நடந்துச்சு. இன்னிக்கும் அந்த அக்காவுக்கு அங்க இருந்து போன் வருது.

இப்போ நடைமுறை விஷயத்துக்கு வர்றேன்.

முதல்ல நேரம். சாயந்தரம் ஆறு மணிக்கு மீட்டிங்னு இங்க உக்காந்து முடிவு பண்ணாதீங்க. பதநீர் சீசன்ல பனையேறி குடும்பத்துக்கு மே மாசம் ஓய்வே கிடையாது, காலைல பதநீரை இறக்கிக் குடுத்ததும் பொம்பளைங்க காய்ச்ச உக்காந்துடுவாங்க, சாயந்தரம் ஆம்பளைங்க மறுபடி மரம் ஏறிப் பாளை சீவணும். நாங்க போன பல இடத்துல பாதி பெஞ்சு காலியா இருந்துச்சு, ஆர்வம் இல்லன்னு நம்ம ஆளுங்களே சொன்னாங்க. ஆர்வம் இருந்துச்சு, ஆளுங்க மரத்து மேல இருந்தாங்க. அந்தந்த உபதேசியாரைக் கேட்டு நேரம் வைங்க.

அப்புறம் ட்ரெயின். இப்போ ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரெண்டுலயும் மே மாச டிக்கெட் திறந்த உடனே காலி ஆயிடும், அத்தனை பேருக்கு சேத்து எடுக்கறது இன்னும் கஷ்டம். போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்சப்புறம் தேதி முடிவு பண்ணதாலதான் 600 கிலோமீட்டருக்கு மேல வேன்லயே போக வேண்டி வந்துச்சு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் ஓடிட்டு இருக்கு, எல்லாரும் பிஸிதான், ஆனாலும் குருத்தோலை ஞாயிறு வரைக்கும் தள்ளிப் போடாம இந்த மாசமே தேதியைச் சொல்லிடுங்க. அத்தனை ஊருக்கு வேன் டீசல் அடிக்கற காசுல ஊரைக் குறைச்சா ட்ரெயின் டிக்கெட்டும் வந்துடும், தங்கற ஊருக்கு அரிசி பருப்பு வாங்கியும் குடுத்துடலாம்.

பொண்ணுங்க விஷயம். பாதுகாப்பு காரணமா இந்த வருஷம் பசங்க மட்டும் போகட்டும், பொண்ணுங்க இங்க லீவுல பிள்ளைங்களுக்கு நடத்தற விபிஎஸ்ல பாடட்டும்னு ஒரு யோசனை இருக்கறதா என் அம்மா காதுக்கு வந்திருக்கு. அங்கிள், நீங்க அக்கறையிலதான் சொல்றீங்கன்னு தெரியும். ஆனா போன வருஷம் எங்களுக்குக் கஷ்டமா இருந்தது ராத்திரி பதினொரு மணிக்கு மேல தெரியாத ரோட்டுல வேன்ல போனதும், பாத்ரூமுக்கு பெட்ரோல் பங்க் தேடுனதும்தான். அசனம் நடந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு ரெண்டு பொண்ணா தங்க வச்சாங்க, சொந்தப் பிள்ளைங்க மாதிரி பாத்துக்கிட்டாங்க, அன்னிக்குத்தான் நாங்க நிம்மதியா தூங்கினோம், என் அம்மாவும் இங்க நிம்மதியா தூங்கினாங்க. ஒரே ஊர்ல தங்கினா பாதுகாப்பு தானா வந்துடும். பெண்கள் ஐக்கிய சங்கத்துல இருந்து ஒரு ஆன்ட்டி கூட வந்தா இன்னும் நல்லது. சோப்ரானோவும் ஆல்டோவும் இல்லாம குவாயர்னு சொல்லிட்டுப் போறதுல எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்ல, இதை மட்டும் பெரியவங்கன்னு பாக்காம நேரடியா சொல்றேன்.

காணிக்கை பத்தியும் ஒரு வார்த்தை. அந்தச் சின்ன சபைங்க நமக்கு எடுத்துக் குடுத்த காணிக்கைக் கவரை வாங்கும்போது எனக்குக் கை கூசுச்சு. ஓடு மாத்த காசு இல்லாத கோயில் அது. அந்தக் காசு அந்த ஊர்லயே இருக்கட்டும். டூர் செலவுக்கு குவாயர் பசங்க நாங்க டிசம்பர்ல வீடு வீடா கிறிஸ்துமஸ் பாட்டு பாடப் போற கேரல் ரவுண்ட்ஸ்ல வர்றதை சேத்து வைக்கறோம், மீதிக்கு இங்க வீடு வீடா கேக்கவும் தயார்.

டூர் முடிஞ்சு வந்ததும் சபையில ரிப்போர்ட் வாசிக்கறப்போ இத்தனை சபை, இத்தனை கூட்டம்னுதான் ஒவ்வொரு வருஷமும் வருது. அடுத்த வருஷம் அதைவிட அதிகமா இருக்கணும்னு தோணறது இயல்புதான், ஆனா அந்த எண்ணிக்கைக்காகத்தான் ஒரு ஊர்லயும் உக்கார முடியாம ஓடறோம். இந்த வருஷ ரிப்போர்ட்ல ஊர் பேரு நாலே நாலு இருக்கட்டும், அந்த நாலு ஊர்ல நாங்க கத்துக்கிட்ட பாட்டை ரிப்போர்ட்டுக்குப் பதிலா சபை முன்னாடி பாடிக் காட்டறோம், ஏழு எண்ணிக்கையிலயே.

இன்னொண்ணும் மனசுல இருக்கு. டிசம்பர்ல அசனம் நடந்த ஊர் வாலிபர் சங்கத்துல இருந்து கொஞ்சம் பேரை நம்ம பக்கம் கூப்பிடணும். எங்க வீடுங்க சின்னதுதான், ஹவுசிங் போர்டு, ஒண்டுக் குடித்தனம்னு தான் பாதி பேர் இருக்கோம், ஆனாலும் ஆளுக்கு ஒருத்தரைத் தங்க வச்சுக்கறோம்னு குவாயர்ல எல்லாரும் சொல்லிட்டாங்க. ராயபுரம், கொருக்குப்பேட்டை, எண்ணூர்னு கேரல் ரவுண்ட்ஸுக்கு அவங்களும் எங்க கூட வரட்டும். வாத்தியார் தாத்தாவுக்கு உடம்பு ஒத்துழைச்சா அவரையும் கூட்டிட்டு வரணும், நம்ம சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு சோல்ஃபா சொல்லிக் குடுக்கறதா அவரே சொல்லியிருக்காரு.

இந்த மாச கமிட்டி மீட்டிங்ல டூர் விஷயம் எடுக்கும்போது குவாயர்ல இருந்து ரெண்டு பேரை உள்ள கூப்பிடுங்க. எண்ணூர் அக்காவும் நானும் வர்றோம். அந்த ஊர் உபதேசியார் நம்பர், எந்தெந்த வீட்டுல எத்தனை பேர் தங்கலாம், வேனுக்கும் ட்ரெயினுக்கும் எவ்வளவு ஆகும்னு கணக்கு எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கோம், கொண்டு வர்றோம். தேதி மட்டும் அன்னிக்கே முடிவாகணும், டிக்கெட் திறக்கற நாள் காலைல எட்டு மணிக்கு பாஸ் பாடற தம்பி லாகின் பண்ணி ரெடியா உக்காந்திருப்பான்.

இப்படிக்கு,
உங்க குவாயர்ல ஆல்டோ பாடற பழைய வண்ணாரப்பேட்டை பொண்ணு